மஞ்சள் பூசிய முகங்கள்

வீட்டு விளக்கில் எடுத்த போட்டோவில் எல்லோரும் மஞ்சளாகத் தெரிகிறார்கள். மஞ்சளை நீக்கப் போனால் முகத்தின் சொந்த நிறமும் சேர்ந்து போய்விடுகிறது. சிக்கலில் பாதி கேமராவில், மீதி நம் கண்ணில்.

தில்லி கரோல்பாகிலோ, மும்பை தாதரிலோ, சென்னை தி.நகரிலோ பட்டுப்புடவை வாங்கப் போகும் பெண்கள் ஒரு காரியத்தை மறக்காமல் செய்வார்கள். பிடித்த புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வருவார்கள். பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். உள்ளே கறுப்பாகத் தெரிந்தது வெளியே கருநீலமாக இருக்கும். உள்ளே அரக்கு, வெளியே மெஜந்தா. கடைக்காரரும் தடுப்பதில்லை. கடை விளக்கை நம்பக்கூடாது என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விஷயம்.

அதே புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்தில் போட்டோவுக்கு நிற்கும்போது இந்த ஜாக்கிரதை எல்லாம் காணாமல் போகிறது. தலைக்கு மேல் மஞ்சள் விளக்குகள், பக்கத்தில் குத்துவிளக்கு. படம் வந்ததும்தான் அதிர்ச்சி. எம்.எஸ். நீலம் அழுக்குப் பச்சையாக இருக்கிறது. வெள்ளை வேஷ்டி சந்தன நிறம். முகங்களில் காமாலை.

யாராவது ஒருவர் செல்போனில் ஒரு பட்டையை இழுத்து மஞ்சளை நீக்குகிறார். வேஷ்டி வெள்ளையாகிவிடுகிறது. ஆனால் மாநிறமான மணப்பெண் இப்போது சாம்பல் பூத்தது போல் நிற்கிறாள். குத்துவிளக்குச் சுடர் டியூப் லைட் போல வெளிறிவிட்டது. முதல் படத்தில் இருந்ததும் அவள் நிறமல்ல, இரண்டாவதில் இருப்பதும் அவள் நிறமல்ல.

இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவே சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் ‘ஒயிட் பேலன்ஸ்’. ஏறக்குறைய எல்லா டிஜிட்டல் கேமராக்களிலும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தொட்டுப் பார்க்காத பொத்தான்களில் அதுவும் ஒன்று.

கண் செய்யும் சமரசம்

காலையில் ஜன்னல் ஓரம் படிக்கும் செய்தித்தாள் வெள்ளை. அதையே இரவில் குண்டு பல்பின் கீழ் பிரித்தாலும் வெள்ளைதான். உண்மையில் இரவில் அந்தத் தாளிலிருந்து கண்ணுக்கு வந்து சேர்வது ஆரஞ்சு கலந்த ஒளி. மூளை அதைக் கழித்துவிட்டுத்தான் நமக்குத் தகவல் சொல்கிறது.

போலராய்டு கேமராவை உருவாக்கிய எட்வின் லாண்ட் இந்த விஷயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒரு பொருளின் நிறத்தை அதிலிருந்து வரும் ஒளியை மட்டும் வைத்து நாம் முடிவு செய்வதில்லை, சுற்றியுள்ள மற்ற பொருள்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறோம் என்று அவருடைய சோதனைகள் காட்டின. விழித்திரை, மூளைப் புறணி இரண்டின் ஆங்கிலப் பெயர்களையும் ஒட்டி அவர் தன் கொள்கைக்கு ‘ரெடினெக்ஸ்’ என்று பெயரிட்டார்.

இந்தக் கழித்தல் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2015 பிப்ரவரியில் உலகமே சாட்சியாக இருந்தது. பிரிட்டனில் ஒரு கல்யாணத்துக்காக வாங்கிய உடையின் போட்டோ இன்டர்நெட்டில் பரவியது. நீலமும் கறுப்பும் என்றார்கள் ஒரு சாரார். வெள்ளையும் தங்க நிறமும் என்று அடித்துப் பேசினார்கள் மறு சாரார். உடையின் மேல் விழுந்தது மஞ்சள் விளக்கு என்று எடுத்துக்கொண்ட மூளைகள் மஞ்சளைக் கழித்து நீலத்தைப் பார்த்தன. நீலம் கலந்த நிழல் என்று நினைத்த மூளைகள் நீலத்தைக் கழித்துவிட்டன. உடை உண்மையில் நீலமும் கறுப்பும்தான்.

கேமராவுக்குக் கழிக்கத் தெரியாது. அதன் சென்சாரின் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று நுண்ணிய கட்டங்களாக பில்டர் போடப்பட்டிருக்கிறது. கோடக் விஞ்ஞானி பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பாதிக் கட்டங்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். குண்டு பல்பின் கீழ் சிவப்புக் கட்டங்களில் ஒளி குவிகிறது. நீலக் கட்டங்களுக்குக் கிடைப்பது சொற்பம். அந்தக் கணக்கை அப்படியே படமாக்கினால் மஞ்சள்தான் வரும். எம்.எஸ். நீலம் காணாமல் போவதற்கும் இதுதான் காரணம். நீலத்தைக் காட்ட விளக்கில் நீலம் இருக்க வேண்டும்.

கொல்லன் உலைக் கணக்கு

விளக்கின் நிறத்தை அளக்கும் அலகு கெல்வின். கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சினால் முதலில் மங்கிய சிவப்பாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், கடைசியில் வெள்ளை. சூடு ஏற ஏற ஒளி நீலத்தின் பக்கம் நகர்கிறது. மெழுகுவர்த்திச் சுடர் ஏறக்குறைய 1,900 கெல்வின். குண்டு பல்பு 2,700-லிருந்து 2,850 வரை. ஹாலஜன் 3,000-லிருந்து 3,200. நடுப்பகல் வெளிச்சம் 5,500. மேகம் மூடிய வானம் 6,500. நாம் ‘வெதுவெதுப்பான விளக்கு’ என்று சொல்வது இந்தக் கணக்கில் குறைந்த வெப்பம். ‘குளிர்ச்சியான வெள்ளை’ அதிக வெப்பம். குழப்பத்தின் முதல் படி இது.

இரண்டாவது படி கேமராவுக்குள் இருக்கிறது. அங்கே 3,000 என்று வைத்தால் படம் மஞ்சளாவதில்லை, நீலமாகிறது. ‘விளக்கு 3,000, அதற்கேற்ப நீலத்தைக் கூட்டிக்கொள்’ என்று கேமராவுக்குச் சொல்கிறீர்கள். எண்ணை ஏற்றினால் படம் மஞ்சளாகும், இறக்கினால் நீலமாகும். படத்தைத் திருத்தும் சாஃப்ட்வேரிலும் இதே வழக்கம்தான்.

இன்னொன்றும் உண்டு. 2,700-க்கும் 3,000-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். 5,700-க்கும் 6,000-க்கும் உள்ள அதே 300 அவ்வளவாகத் தெரியாது. அதனால் மஞ்சள் விளக்குப் படங்களைத் திருத்தும்போது பட்டையை நூறு நூறாக நகர்த்த வேண்டும், ஆயிரம் ஆயிரமாக அல்ல.

அன்று லேப், இன்று நாம்

பிலிம் காலத்திலும் இந்தத் தலைவலி இருந்தது. ஆனால் தலை வேறொருவருடையது. சாதாரண கலர் பிலிம் 5,500 கெல்வின் பகல் வெளிச்சத்துக்காகத் தயாரானது. கல்யாண வீடியோக்காரர் தூக்கிப் பிடித்த ஹாலஜன் விளக்கின் ஒளி 3,200. ஸ்லைடு பிலிமில் எடுக்கும் நிபுணர்கள் லென்ஸின் முன் ‘80ஏ’ என்ற நீல பில்டரை மாட்டினார்கள். அது வெளிச்சத்தில் முக்கால் பங்கை விழுங்கிவிடும். சினிமாவுக்கு இன்றும் 3,200-க்கு ஒரு வகை, 5,500-க்கு ஒரு வகை என்று தனித்தனி நெகடிவ் பிலிம் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் கலர் லேப்தான் கதி. பிரிண்ட் போடும் மெஷினில் மஞ்சள், மெஜந்தா, சயான் அளவுகளைக் கூட்டிக் குறைத்து முகங்களை மீட்டுக் கொடுத்தவர் பெயர் தெரியாத ஒரு லேப் ஊழியர்.

அந்த வேலையை இப்போது ‘ஆட்டோ’ செய்கிறது. அதன் பழைய சூத்திரம் மிக எளியது. எந்தக் காட்சியிலும் எல்லா நிறங்களையும் கலந்து சராசரி பார்த்தால் சாம்பல் வரும் என்று வைத்துக்கொள்வது. தெருக் காட்சியில் இது பலிக்கும். சட்டகம் முழுவதும் சிவப்புக் கூரைப்புடவை நிறைந்திருந்தால்? சிவப்பை விளக்கின் குற்றம் என்று நினைத்து கேமரா அதைக் குறைக்கப் பார்க்கும். இன்றைய கேமராக்களும் செல்போன்களும் முகத்தை அடையாளம் காண்பது போன்ற கூடுதல் தந்திரங்களைச் செய்கின்றன. ஆனாலும் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒரே முகம் இரண்டு நிறத்தில் வருவது இன்னும் நிற்கவில்லை.

மஞ்சளை முழுக்க நீக்க ஆட்டோவுக்கே தயக்கம் உண்டு. விளக்கொளியில் எடுத்த படம் விளக்கொளி போலத் தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர்களும் இருக்கிறார்களே! அதனால் கேனான், நிக்கான் கேமராக்களின் பல மாடல்களில் ஆட்டோவுக்குள்ளேயே ‘வெள்ளையை வெள்ளையாக்கு’, ‘விளக்கின் மஞ்சளைக் கொஞ்சம் விட்டுவை’ என்று தனித்தனி நிலைகள் உண்டு. மெனுவில் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

எடுக்கும்போதே திருத்துவது

சுலபமான வழி, ஆட்டோவை விட்டுவிட்டு பல்பு படம் போட்ட நிலைக்கு மாறுவது. அது ஏறக்குறைய 3,200 கெல்வினுக்கு ஈடு. செல்போனில் ‘ப்ரோ’ நிலை இருந்தால் கெல்வின் எண்ணை நேராகவே வைக்கலாம். மஞ்சள் எல்.இ.டி. என்றால் 2,800-லிருந்து 3,200-க்குள் எங்கோ ஓரிடத்தில் சரியாக இருக்கும்.

நிச்சயமான வழி, சாம்பல் நிற அட்டை. போட்டோ சாமான் கடைகளில் கிடைக்கும். முகம் இருக்கும் இடத்தில், முகத்தில் விழும் அதே ஒளி விழும்படி அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கேமராவின் ‘கஸ்டம்’ நிலையில் அந்தப் படத்தைக் காட்டினால், இந்த விளக்கின் கீழ் சாம்பல் எப்படித் தெரியும் என்று அதற்குப் புரிந்துவிடும். அறை மாறினால், விளக்கு மாறினால் திரும்ப எடுக்க வேண்டும்.

அட்டை இல்லாதவர்கள் வெள்ளைத் துணியையோ தாளையோ நாடுவார்கள். இங்கே கவனம் தேவை. சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேஷ்டி வெள்ளையல்ல, வெளிர் நீலம். அதை வெள்ளை என்று காட்டினால் கேமரா நீலத்தைக் கழிக்கும், படம் இன்னும் மஞ்சளாகும். பட்டு வேஷ்டி இயல்பிலேயே பழுப்பு கலந்தது. அதைக் காட்டினால் நேர்மாறாகப் படம் நீலம் பாரிக்கும். மல்லிகைச் சரமும் அப்படித்தான். கண்ணின் வெள்ளையில் ரத்த நாளங்களின் சிவப்பு இருக்கிறது. பூப்போடாத எவர்சில்வர் பாத்திரமும் உதவாது, அது பக்கத்தில் இருப்பதையெல்லாம் பிரதிபலிக்கும்.

‘ரா’ கோப்பாக எடுப்பது மூன்றாவது பாதுகாப்பு. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். நீலம் ஏற்கெனவே சொற்பம். அந்தச் சில படிகளை இழுத்து நீட்டினால் படம் திட்டுத்திட்டாகும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். ஒயிட் பேலன்ஸும் அதில் பதிந்து போவதில்லை, பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இருந்தாலும் நீலத்தைப் பெருக்கும்போது புள்ளிப்புள்ளியான இரைச்சலும் பெருகும். மங்கலான மண்டபத்தில் எடுத்த படம் திருத்தியபின் சொரசொரவென்று தெரிவது இதனால்தான்.

இரண்டு விளக்கு, ஒரு முகம்

இன்றைய இந்திய வீடுகளில் பெரிய வில்லன் மஞ்சள் விளக்கு அல்ல, கலப்பு விளக்கு. 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் விநியோகிக்கப்பட்டன. கடையில் 3,000 கெல்வின், 4,000 கெல்வின், 6,500 கெல்வின் என்று மூன்று வகையும் அடுக்கில் இருக்கின்றன. கூடத்துச் சுவரில் 6,500 டியூப், பொய்க்கூரைக்குள் 3,000 மஞ்சள் பட்டை, ஜன்னலில் பகல். முகத்தின் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் ஆரஞ்சு. எந்த ஒரு எண்ணாலும் இரண்டையும் சரிசெய்ய முடியாது.

இதற்கு மருந்து சாஃப்ட்வேரில் இல்லை, சுவரில் இருக்கும் ஸ்விட்சில் இருக்கிறது. ஏதாவது ஒருவகை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதுமென்றால் விளக்கு எல்லாவற்றையுமே அணைக்கலாம். பிளாஷ் போடுகிறவர்களுக்கும் இதே சிக்கல். பிளாஷின் ஒளி பகல் வெளிச்சத்தின் நிறம். முகம் வெளுத்து, பின்னணி ஆரஞ்சாகும். நிபுணர்கள் பிளாஷின் மேல் ஆரஞ்சு நிறத் தாள் ஒன்றை ஒட்டி அதையும் மஞ்சள் விளக்காக்கிவிடுவார்கள். பிறகு இரண்டுக்கும் சேர்த்து ஒரே திருத்தம்.

திருத்தத்துக்கு அடங்காதவையும் உண்டு. விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு. குண்டு பல்புக்கு ஏறக்குறைய 100. சாதாரண எல்.இ.டி.க்கு 80 சொச்சம். மலிவான எல்.இ.டி. பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. குங்குமமும் அரக்குப் புடவையும் அந்த ஒளியில் செத்துப்போகும். விளக்கில் இல்லாத சிவப்பை எந்த ஒயிட் பேலன்ஸும் வரவழைக்காது. வீட்டுக்கு விளக்கு வாங்கும்போது பெட்டியில் 90-க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது, கேமராவை மாற்றுவதைவிட மலிவான வழி. ரிசப்ஷன் மேடையின் ஊதா, ரோஸ் விளக்குகளில் எடுத்த படங்களுக்கு ஒரே கதி மோட்சம், கறுப்பு வெள்ளை.

வெள்ளையாக்குவது அல்ல

‘ஒயிட் பேலன்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. முகத்தை வெள்ளையாக்கும் வசதி என்று அதைப் புரிந்துகொண்டு, மணப்பெண்ணின் முகம் எடுப்பாகும் வரை நீலத்தைக் கூட்டுகிற வழக்கம் உண்டு. சிவப்பழகு கிரீம் விற்கும் நாட்டில் இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் தோலுக்கு அடியில் ஓடுவது ரத்தம், தோலில் இருப்பது மெலனின். இவை இரண்டும் சேர்ந்து தரும் சாயல் கறுப்பருக்கும் மாநிறத்தவருக்கும் வெள்ளைக்காரருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆரஞ்சுக்குப் பக்கத்தில். வேறுபடுவது அடர்த்தியும் வெளிச்சமும். வீடியோ எடிட்டர்களின் ‘வெக்டர்ஸ்கோப்’ கருவியில் எல்லா மனிதத் தோலுக்கும் சேர்த்து ஒரே கோடு போட்டிருப்பது இதை நம்பித்தான்.

சாஃப்ட்வேரில் முகத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தால் மூன்று எண்கள் தெரியும். சிவப்பு அதிகம், பச்சை நடுவில், நீலம் எல்லாவற்றையும்விடக் குறைவு. எந்த நிற மனிதருக்கும் இதுதான் வரிசை. நீலம் பச்சையைத் தொட்டுவிட்டால் முகம் சாம்பல் பூக்கும். திருத்தம் எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். முகம் இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டலாம். அது வேறு பட்டை, வேறு வேலை.

இந்தக் குழப்பம் நம்முடையது மட்டுமல்ல. மேலைநாட்டு லேப்களில் பிரிண்ட் மெஷினைச் சரிபார்க்க கோடக் கொடுத்த ‘ஷெர்லி’ அட்டையில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மட்டுமே இருந்தது. அவள் சரியாகத் தெரிந்தால் எல்லாம் சரி. பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை வந்தது 1990-களில்தான். 2021-ல் கூகுள் தன் பிக்ஸல் 6 போனில் ‘ரியல் டோன்’ என்ற பெயரில் கறுத்த, மாநிறத் தோல்களுக்கான திருத்தங்களைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துப் படி தோல்நிற அளவுகோலையும் வெளியிட்டது.

அழகு மட்டுமே பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். பிறந்த குழந்தையின் படத்தை இரவு பல்பு வெளிச்சத்தில் எடுத்து, ‘காமாலையா பாருங்கள்’ என்று டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மஞ்சள் குழந்தையினுடையதா, பல்பினுடையதா? அதைவிட ஆபத்து, ஆட்டோ அந்த மஞ்சளைப் பல்பினுடையது என்று முடிவு செய்து அழித்துவிடுவது. 2014-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் செல்போன் படத்தை வைத்துக் காமாலையைக் கணிக்கும் ‘பிலிகேம்’ முறையை அறிவித்தபோது, குழந்தையின் வயிற்றில் நிறம் சரிபார்க்கும் அட்டை ஒன்றை வைத்துத்தான் படமெடுத்தார்கள். அட்டை இல்லாத படத்தை நம்பி முடிவெடுக்கக்கூடாது. குழந்தையை நேரில் காட்ட வேண்டும், டாக்டர் சொன்னால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

எடுத்து முடித்த படத்தைத் திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் சாம்பலான ஒரு பொருளின் மேல் டிராப்பரை வைத்து அழுத்தி, படத்தை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். டியூப் லைட்டோ எல்.இ.டி.யோ கலந்திருந்தால் பச்சை தூக்கலாக இருக்கும். அதற்குப் பக்கத்துப் பட்டையில் கொஞ்சம் மெஜந்தா சேர்க்க வேண்டும். பிறகு, நீக்கிய மஞ்சளில் கொஞ்சத்தைத் திருப்பித் தர வேண்டும். 2,850-ல் சாம்பல் சாம்பலாகிறது என்றால் 3,100, 3,200 வரை ஏற்றிப் பார்க்கலாம். இரவு இரவாகவே இருக்கும். குத்துவிளக்கின் சுடர் தன் நிறத்துக்குத் திரும்பும். சுடர் ஒருபோதும் வெள்ளையாக இருந்ததில்லை, அதை வெள்ளையாக்கும் படம் பொய் சொல்கிறது.

ஒரே விளக்கில் எடுத்த படங்கள் எல்லாவற்றுக்கும் அதே எண்ணை ஒட்டிவிடுவது நல்லது. ஆல்பத்தைப் புரட்டும்போது மணப்பெண் பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறக்கூடாது. திருத்தும் நேரத்தில் போனின் இரவு நேர மஞ்சள் திரை வசதியை அணைத்துவிடவும் வேண்டும். இல்லையென்றால் திரையின் மஞ்சளைப் படத்தின் மஞ்சள் என்று நினைத்துக் கழித்துக்கொண்டே போவீர்கள். மறுநாள் காலையில் எல்லோரும் நீலமாக இருப்பார்கள். கண்ணையும் அதிகம் நம்பக்கூடாது. ஐந்து நிமிடம் ஒரு படத்தையே உற்றுப் பார்த்தால் எந்த நிறமும் அதற்குப் பழகிவிடும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்ப்பது பலன் தரும்.

கடைசிப் பரிசோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். புடவை பீரோவில் இருக்கிறது. அதை எடுத்து, திருத்திய படத்தோடு பகலில் வீட்டு வாசலுக்கு வந்து, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டியவரும் அருகில் நின்றால் இன்னும் நல்லது. புடவையும் முகமும் படத்தில் இருப்பதோடு ஒத்துப்போனால் வேலை முடிந்தது. கடையில் செய்ததை வீட்டிலும் ஒருமுறை செய்கிறோம், அவ்வளவுதான்.